வன்தட்டை மாற்ற முன் மறைவான கோப்புறைகளைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளிலும் தனியார் கல்வி நிலையங்களிலும் லினக்ஸ் போட்ட பழைய கணினிகள் இருக்கின்றன. இடம் நிரம்பிவிட்டது என்ற அறிவித்தல் வந்தால் உடனே புதிய வன்தட்டு வாங்க யோசிக்கிறார்கள், அல்லது கணினியை ஒரு மூலையில் ஒதுக்குகிறார்கள். அதற்கு முன் கோப்பு முகாமையாளரைத் திறந்து, கன்ட்ரோல் விசையோடு எச் விசையை அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மறைவான கோப்புறைகள் தெரியும். அவற்றில் தற்காலிகக் கோப்புகள் சேரும் .கேஷ் (.cache), செயலிகளின் தரவுகள் சேரும் .லோக்கல் (.local) இரண்டினதும் அளவைப் பாருங்கள். மாணவரின் பாடக் கோப்புகள் சில நூறு எம்பி இருக்கையில் இவை பல ஜிபி பிடித்திருக்கலாம்.

லினக்ஸின் திரைச் சூழல்களில் ஒன்றான கேடிஇ (KDE) உள்ள கணினியில் முதலில் பார்க்க வேண்டியது பலூ (baloo) என்ற தேடல் சேவை. அது பின்னணியில் ஓடி, கோப்புப் பெயர்களோடு நில்லாமல் உள்ளடக்கத்தையும் படித்துச் சொல் சொல்லாகச் சுட்டி, அதாவது தேடலுக்கான அட்டவணை, தயாரிக்கும். அந்தச் சுட்டிக் கோப்பு வளருமே தவிரச் சுருங்காது. ஆவணங்களை அழித்தாலும் உள்ளே வெற்றிடம் உண்டாகும், வன்தட்டுக்கு இடம் திரும்பி வராது. எங்களுக்கு இதில் இன்னொரு வீணும் உண்டு. இங்கே பல வினாத்தாள்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. பாமினியில் அடித்த ‘அம்மா’ கணினிக்குள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகவே பதிகிறது. பலூ அதை அப்படியே சுட்டியில் ஏற்றிக்கொள்ளும். பிறகு இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோட்டில் ‘அம்மா’ என்று தேடினால் அந்தத் தாள் அகப்படாது. பயனில்லாத சுட்டிக்கு ஏன் இடம் கொடுக்க வேண்டும்?

சிஸ்டம் செட்டிங்ஸில் ஃபைல் சேர்ச் பகுதிக்குப் போய் அதை நிறுத்துங்கள். வெளியேறி, மீண்டும் உள்நுழைந்த பிறகே .லோக்கலுக்குள் ஷேர் (share), அதற்குள் இருக்கும் பலூ கோப்புறையை அழியுங்கள். சேவை ஓடும்போது அழித்தால் கோப்பு கண்ணில் மறையும், ஆனால் சேவை அதைத் திறந்து பிடித்திருக்கும்வரை இடம் விடுபடாது. ஷிஃப்ட் விசையோடு டிலீட் அழுத்துங்கள். வெறும் டிலீட் குப்பைத்தொட்டிக்கு அனுப்பும், அந்தத் தொட்டியும் .லோக்கலுக்குள்தான் இருக்கிறது. தேடல் தேவையானால், பெயர்களை மட்டும் சுட்டியிடும்படி மாற்றி மீண்டும் தொடக்கலாம்.

அடுத்தது அகோனாடி. அஞ்சலுக்கும் நாட்காட்டிக்குமான இந்தக் கேடிஇ சேவை, பழைய பதிப்புகளில் வழக்கமாக ஒவ்வொரு பயனருக்கும் தனியாக ஒரு மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் வைக்கும். அவற்றில் வெறும் தரவுத்தளமே 64 எம்பி வீதம் இரண்டு பதிவுக் கோப்புகளோடு தொடங்கும். ஒரு கணினியில் 40 மாணவர் கணக்குகள் என்றால், ஒரு மின்னஞ்சல்கூட இல்லாமல் 5 ஜிபி போய்விடும். இதை நிறுத்தினாலும் இதைக் கூப்பிடும் செயலி ஏதாவது இருந்தால் திரும்ப எழும்பும். கடிகாரத்தின் நாட்காட்டியில் பிம் ஈவன்ட்ஸ் (PIM Events) தெரிவை எடுத்துவிடுங்கள். ஆய்வுகூடக் கணினிகளில் இதைக் கூப்பிடும் அஞ்சல், நாட்காட்டிச் செயலிகளான கேமெயில், கேஓர்கனைசர் இரண்டையும் நீக்கிவிடுவதே நல்லது. ஜினோம் (GNOME) என்ற இன்னொரு திரைச் சூழல் உள்ள பழைய கணினிகளில், பலூவின் தேடல் வேலையை டிராக்கர் செய்கிறது. அதன் சுட்டி .கேஷுக்குள் இருக்கும்.

பயனரின் கோப்புகள் எல்லாம் இருக்கும் வீட்டுக் கோப்புறை முற்றாக நிரம்பினால், சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் உள்நுழைவுத் திரையே திரும்பத் திரும்ப வரலாம். அமர்வுக்குரிய சிறு கோப்புகளை எழுதக்கூட இடமில்லாததே காரணம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தி எழுத்துத் திரையில் நுழைந்து, .கேஷில் உள்ளவற்றை நீக்கினால் பெரும்பாலும் வழி திறக்கும்.

ஆனால் .லோக்கல் முழுவதையும் ஒருபோதும் அழிக்க வேண்டாம். பயனர் நிறுவிய பாமினி போன்ற எழுத்துருக்களும், சேமித்த கடவுச்சொற்களும் அதற்குள்தான் இருக்கின்றன.

வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் கணினிகளை அன்பளிப்புச் செய்வோருக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர் கணக்குகளைத் திறக்க முன்னரே, ஈடிசி கோப்புறையில் எக்ஸ்டிஜி பகுதியில் (/etc/xdg) உள்ள பலூவின் பொது அமைப்புக் கோப்பில் சுட்டியிடலை நிறுத்திவிடச் சொல்லுங்கள். ஒருமுறை எழுதினால் அந்தக் கணினியில் புதிதாகத் திறக்கும் கணக்குகள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும்.

கணினி ஆய்வுகூடப் பராமரிப்பாளர்,
கோண்டாவில்.