ஐந்து காசுக் கணக்கின் மறுபக்கத்தையும் காட்டுங்கள்

தேசியச் சுற்றுப்புற வாரியத்துக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகள் பை ஒன்றுக்குக் குறைந்தது ஐந்து காசு வாங்கத் தொடங்கியது 2023 ஜூலை 3ஆம் தேதி. அதற்கு முந்தைய வாரங்களில் எங்கே போனாலும் இதே பேச்சுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில், கோப்பிக் கடையில், கோயிலில் சாப்பாட்டு வரிசையில்கூட. ‘காசு பிடுங்க இன்னொரு வழி’ என்றார்கள் சிலர். ‘பத்து வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்க வேண்டும்’ என்றார்கள் வேறு சிலர்.

நான் அந்த ஐந்து காசை எதிர்க்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த மடல் ‘புகார்கள்’ கோப்புக்குப் போய்விடும். ஒரு குடும்பம் வாரத்துக்கு நான்கு பை வாங்கினாலும் ஆண்டுக்குப் பத்து வெள்ளி (டாலர்) நாற்பது காசுதான் ஆகிறது. அதுவும் கையோடு ஒரு பை கொண்டுபோனால் மிச்சம். சிங்கப்பூர்ச் சுற்றுப்புற மன்றம் 2018இல் வெளியிட்ட கணக்குப்படி, பேரங்காடிகளிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 82 கோடி பிளாஸ்டிக் பைகள் நம் கைக்கு வந்தன. குழந்தை குட்டி, முதியவர் எல்லாரையும் சேர்த்தாலும் தலைக்கு ஏறக்குறைய 145 பை. இதில் தேவைக்கு எடுத்தது எவ்வளவு, காசாளர் தானாகவே ரொட்டிக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, முட்டைக்கு ரெட்டைப் பை என்று போட்டுக் கொடுத்தது எவ்வளவு என்பது கடைக்குப் போகிற எல்லாருக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தை ஐந்து காசு பெருமளவு குறைத்துவிட்டது. வேறு எந்த விளம்பரத்தாலும் அது முடிந்திருக்காது.

இன்னொன்றுக்கும் உங்களைப் பாராட்ட வேண்டும். கட்டணத்தை பிளாஸ்டிக்குக்கு மட்டும் என்று வைக்காமல் காகிதப் பை, ‘மக்கும்’ பை என்று ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற பை எல்லாவற்றுக்கும் வைத்தீர்கள். ‘பிளாஸ்டிக் கெட்டது, காகிதம் நல்லது’ என்ற சுலபமான முடிவுக்கு நீங்கள் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பேரங்காடியிலிருந்து வந்த பை வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆனது? பெரும்பாலான வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் அது குப்பைத் தொட்டிக்குள் போனது. மீன் செதில், இறால் தோல், தேங்காய்ச் சக்கை, டீத்தூள் எல்லாவற்றையும் அதில் போட்டு, வாயை இறுகக் கட்டி, குப்பைக் குழாயில் தள்ளுவோம். அப்படிக் கட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் குழாயில் கரப்பான் மொய்க்கும், நாற்றம் அடிக்கும் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். பத்து, பன்னிரண்டு மாடி உயரத்திலிருந்து விழுகிற குப்பையைக் கட்டாமல் போட முடியாது என்பதும் உண்மை.

ஆக, அந்தப் பை ஒருமுறை மட்டும் பயன்பட்டது அல்ல. கடையிலிருந்து வீட்டுக்கு ஒருமுறை, வீட்டிலிருந்து எரிஆலைக்கு ஒருமுறை. இப்போது அந்த இடத்தில் சுருளாக விற்கும் குப்பைப் பை வந்திருக்கிறது. அது ஒருமுறைதான் பயன்படும். எதையும் சுமக்காமல் கடையிலிருந்து வெறுமனே வீட்டுக்கு வந்து, நேராகக் குப்பைக்குப் போகும். இரண்டு வேலை செய்த பைக்குக் கட்டணம், ஒரு வேலை மட்டும் செய்கிற பை அடுத்த தட்டிலேயே சலுகை விலையில். இதில் எத்தனை வீடுகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்பதுதான் என் கேள்வி.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த கேள்வி அல்ல. கட்டணம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை அரசாங்கமே நாடாளுமன்றத்தில் இதைத்தான் சொல்லிவந்தது. குப்பையைச் சுகாதாரமாகக் கட்டிப் போடப் பை வேண்டும், ஒரு பொருளை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதால் சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று உறுதியில்லை, ஆகவே கட்டணம் வேண்டாம் என்றது. பிறகு நிலை மாறியது. மாறியது நல்லதற்கே. ஆனால் அன்று நீங்கள் எழுப்பிய கேள்விக்கு இன்று பதில் என்ன? அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மற்ற நாடுகளில் இந்தக் கேள்வியின் பின்னால் போனவர்கள் இருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் நகரம் நகரமாக மெல்லிய பைகளுக்குத் தடை வந்தபோது, ரெபெக்கா டெய்லர் என்ற பொருளியலாளர் கடைகளின் விற்பனைப் பதிவுகளையே எடுத்துப் பார்த்தார். 2019இல் வந்த அவருடைய ஆய்வின்படி, தடையால் 4 கோடி பவுண்டு எடையுள்ள பிளாஸ்டிக் குறைந்தது. அதே நேரத்தில் குப்பைப் பை விற்பனை எடையில் 1.2 கோடி பவுண்டு கூடியது. சிறிய அளவுக் குப்பைப் பைகளின் விற்பனை மட்டும் இரு மடங்குக்கு மேல் ஏறியது. கூட்டிக் கழித்தால் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் தலைப்புச் செய்தியில் வந்த லாபத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்வாசல் வழியாகப் போய்விட்டது.

இங்கிலாந்தில் கதை வேறு மாதிரி. அங்கே 2015 அக்டோபரில் பெரிய கடைகளில் மெல்லிய பைக்கு ஐந்து பென்ஸ் வைத்தார்கள். மெல்லிய பை சரிந்தது, அமைச்சர்கள் மகிழ்ந்தார்கள். தடித்த ‘பேக் ஃபார் லைஃப்’ பை அந்தக் கட்டணத்துக்குள் வரவில்லை. ஆயுள் முழுக்க வரும் என்ற பெயரில் விற்ற அந்தப் பை, 2018இல் பிரிட்டனின் முக்கியப் பேரங்காடிகளில் மட்டும் 150 கோடி விற்றதாக கிரீன்பீஸும் சுற்றுச்சூழல் புலனாய்வு முகமையும் கணக்கெடுத்துச் சொன்னன. வீட்டுக்கு 54 பை. ஆண்டுக்கு 54 ஆயுள்!

நம் வீட்டு அலமாரிகளும் பெரிதாக மாறுபட்டவை அல்ல. பேரங்காடி விற்ற பை, வங்கி கொடுத்த பை, மாநாட்டுப் பை, மாரத்தான் பை. தமிழர் வீடு என்றால் இவற்றோடு கல்யாணத்துத் தாம்பூலப் பைகள் தனி அடுக்கு. துணிப்பை என்றாலே புண்ணியம் என்று நினைக்கிறோம். பருத்தி விளைய எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உரம் என்பது பையில் எழுதியிருப்பதில்லை. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல், குப்பையை எரிக்கும் நம்மைப் போன்ற நகரங்களுக்கென்றே ஒப்பிட்டுப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் பாலிபுரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) பைதான் முதலிடம், அதை ஐம்பது முறை பயன்படுத்தினால். அடுத்த இடம் சாதாரண பிளாஸ்டிக் பைக்கு. ஆகவே எந்தப் பை என்பதைவிட எத்தனை முறை என்பதுதான் கணக்கு. வீட்டில் தூங்குகிற பைகள் அந்தக் கணக்கில் வராது, ஆனால் அவையும் விற்பனையானவைதான்.

இடையே ஒன்று. பைக் கட்டணம் பற்றிப் பேசும்போதெல்லாம் சிங்கப்பூரின் ஒரே குப்பைமேடான செமாக்காவ் தீவின் படம் காட்டப்படுகிறது. 2035 வாக்கில் அது நிரம்பிவிடும் என்பது கவலைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அங்கே முக்கியமாகப் போவது எரித்த சாம்பலும் எரிக்க முடியாத கழிவும். மெல்லிய பிளாஸ்டிக் பை எரிந்தால் மிஞ்சும் சாம்பல் சொற்பம், அதன் கேடு புகைபோக்கி வழியாகக் கரியமிலவாயுவாகப் போகிறது. பையைக் குறைக்க அதுவே போதுமான காரணம். தீவைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பேச வேண்டிய விஷயங்கள் வேறு நிறைய இருக்கின்றன.

அடுத்து, மீன், காய்கறி விற்கும் ஈரச்சந்தை. ஆண்டு விற்றுமுதல் 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள பேரங்காடிகளுக்கு மட்டுமே சட்டம் பொருந்தும். லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் இன்னும் மீனுக்கு உள்ளே ஒரு பை, வெளியே ஒரு பை, கூடவே கறிவேப்பிலைக்கு ஒரு பை. முருங்கைக்காய் குத்திக் கிழித்துவிடும் என்று அதற்குத் தனியாக இன்னொன்று. ‘அங்கேயும் கட்டணம் வையுங்கள்’ என்ற குரல் கேட்கிறது. எனக்கு இதில் தயக்கம் இருக்கிறது. பேரங்காடியிடம் ரசீது இருக்கிறது, கணினி இருக்கிறது, பையை எண்ண வழி இருக்கிறது. ஈரக் கையோடு சில்லறை எண்ணிக் கொடுக்கிற மீன்காரரிடம் அது இல்லை. தவிர, ஈரமான சாமானுக்குப் பை தேவை என்பதால்தான் பேரங்காடியிலும் காய்கறி, மீன் போடும் கைப்பிடியில்லாத பைகளை நீங்கள் கட்டணத்திலிருந்து விட்டுவைத்தீர்கள். அதே நியாயம் சந்தைக்கும் பொருந்தும்.

வசூலான பணத்தைப் பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. அயர்லாந்தில் 2002 முதல் வாங்கும் பை வரி, சுற்றுச்சூழல் பணிகளுக்கான அரசு நிதிக்குப் போகிறது. இங்கே கடையிடமே இருக்கிறது, நல்ல காரியங்களுக்குச் செலவிட ஊக்குவிக்கப்படுகிறது. எத்தனை பை, எவ்வளவு வசூல், அதை என்ன செய்தார்கள் என்ற மூன்றையும் வெளியிட வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் அந்த விவரங்கள் ஒவ்வொரு நிறுவனத்தின் இணையத்தளத்திலும் ஒவ்வொரு மூலையில் கிடந்தால் யார் தேடிப் படிப்பார்கள்?

நான் கேட்பது இதுதான். எல்லாப் பேரங்காடிகளின் கணக்கையும் வாரியமே ஒரே பக்கத்தில் ஆண்டுதோறும் போடட்டும். கட்டணப் பைகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில், அதே கடைகளில் விற்ற குப்பைப் பைச் சுருள்களின் எடையும், விற்ற மறுபயன்பாட்டுப் பைகளின் எண்ணிக்கையும் இருக்கட்டும். 2023 ஜூலைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளின் விற்பனையையும் சேர்த்துப் போட்டால்தான் ஒப்பிட முடியும். பார்கோடு வைத்து விற்கிற பொருள்கள்தான், கடைகளிடம் பதிவு இருக்கிறது. உங்களுக்குக் கேட்கும் அதிகாரமும் இருக்கலாம், இல்லையென்றால் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

குப்பைப் பை விற்பனை ஏறவில்லை என்றால் உங்கள் ஐந்து காசு நாம் நினைத்ததைவிடப் பெரிய வெற்றி, அதை நானே எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் பரப்புகிறேன். ஏறியிருந்தால், குப்பைப் பையை மெல்லியதாக்குவதா, அதற்கும் கட்டணமா, குப்பைக்கு மறுபடி பயன்படுத்தும் அளவில் கட்டணப் பையை வடிவமைப்பதா என்று யோசிக்கலாம். ஐந்தைப் பத்தாக்குவதையும், சந்தைக்கு நீட்டுவதையும் அந்தக் கணக்கு வந்த பிறகு பேசுவோம்.

இப்படிக்கு,
தேக்காவிலும் பேரங்காடியிலும் சாமான் வாங்கும் ஒரு வீவகக் குடியிருப்பாளர்