பவளத்துக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் பவளம் வளர்க்க இரண்டடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு புதிய எல்இடி விளக்கு வாங்கியபோது, "வாட் கூடினால் பவளம் நன்றாக வளரும்" என்று கடையில் சொன்னார்கள். அதை நம்பி முதல் நாளே முழு வெளிச்சத்தில் போட்டேன். தொட்டிப் பாறையின் உச்சியில் இருந்த, சுத்தியல் போன்ற நுனிகள் கொண்ட ஹாமர் பவளம் பத்தே நாளில் வெளுத்தது. அப்புறம் சதை உரிந்து வெறும் கூடுதான் மிஞ்சியது. ஐந்து ஆண்டு வளர்த்த உயிர் அது.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன. ஒளியில் அவை தயாரிக்கும் உணவில்தான் பவளம் பெரும்பாலும் பிழைக்கிறது. வெளிச்சம் அளவு மீறினால் அந்தப் பாசியையே பவளம் வெளியேற்றிவிடும். வாட் என்பது விளக்கு இழுக்கும் மின்சாரம், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது பாசிக்குப் பயன்படும் ஒளியை, அதாவது 'பார்' (PAR) அளவை. நண்பரிடம் பார் மீட்டர் இரவல் வாங்கி நீருக்குள் வைத்தேன்: உச்சியில் 380, மணலில் 110! காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும், ஹாமருக்கு 100 முதல் 150. அக்ரோபோரா போன்ற கிளைப் பவளங்கள்தான் 300 கேட்கும். இப்போது விளக்கின் முழு வெளிச்சத்தில் 30 விழுக்காட்டில் தொடங்கி, வாரம் 5 விழுக்காடாக ஏற்றுகிறேன். நீல ஒளி தூக்கலாக, நாளுக்கு ஒன்பது மணி நேரம்.

கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: பவளத்தின் விலைச்சீட்டிலேயே அதற்கு வேண்டிய பார் அளவையும் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், தோ பாயோ