துப்பு தொலையாமல் காத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அச்சில் இல்லாமல் போன தமிழ்த் துப்பறியும் நாவல்களை மீண்டும் வாசகர் கைக்குக் கொண்டுவரும் வேலையில் உடன் நின்ற எல்லோருக்கும் இந்த மடல். ஒற்றை வரியில் நன்றி சொல்லி முடிக்க மனம் வரவில்லை. மற்ற நாவலில் ஒரு பத்தி விடுபட்டால் கதை கொஞ்சம் நொண்டும். துப்பறியும் நாவலில் ஒரு வரி விடுபட்டாலே முடிச்சு அவிழாது. அந்த வரிகளைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் நீங்கள். யார் எதைக் காப்பாற்றினீர்கள் என்பது பதிவாக வேண்டும்.

முதல் நன்றி, பிரதி கொடுத்தவர்களுக்கு. வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, வரிசைப்படுத்தி, பைண்டு செய்து பரணில் வைத்திருந்த குடும்பங்கள் இல்லையென்றால் பல கதைகளின் பெயர்தான் மிஞ்சியிருக்கும். நூலாக்கும்போது பக்கத்தைக் குறைக்க வெட்டப்பட்ட பகுதிகள்கூட சில பைண்டுகளில் முழுதாக இருக்கின்றன. ஆனால் ஓரம் சீவியதில் மேல்வரியும் பக்க எண்ணும் போயிருக்கும். நடுவில் ஒரு வாரம் விடுபட்டிருந்தாலும் பார்த்தவுடன் தெரியாது. அதனால்தான் ஒவ்வொரு வாரத்தின் கடைசி வரியையும் அடுத்த வாரத்தின் முதல் வரியோடு வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. சலிக்காமல் பார்த்தீர்கள். மலிவுத்தாள் மாத நாவல்களின் சிக்கல் வேறு. தைத்த கம்பி துருப்பிடித்ததும் அட்டையோடு சேர்ந்து கழல்வது முதல் தாளும் கடைசித் தாளும்தான். குற்றவாளி யார் என்பது இருப்பதோ அந்தக் கடைசித் தாளில். அட்டை போன பிரதி, பூச்சி அரித்த பிரதி என்று எதையும் எடைக்குப் போடாமல் எடுத்துவைத்த பழைய புத்தகக் கடைக்காரர்களுக்கு எங்கள் தனி வணக்கம். இரண்டு மூன்று குறைப் பிரதிகள் சேர்ந்தால்தான் ஒரு முழுக் கதை தேறுகிறது.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா போன்ற இடங்களில் தேட வழிகாட்டிய நூலகர்களுக்கு நன்றி. வெளியாகும் நூலில் ஒரு பிரதியைக் குறிப்பிட்ட நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954 சட்டத்துக்குப் பிறகு வந்த நூலென்றால் கன்னிமாராவுக்கு ஒரு பிரதி போயிருக்க வேண்டும் என்று தேடலாம். அதற்கு முந்தையவற்றுக்கு, 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்தின்படி மாகாண அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட்ட நூற்பட்டியல்தான் துணை. நூலின் பெயர், அச்சகம், பக்க எண்ணிக்கை, எத்தனையாம் பதிப்பு, எத்தனை பிரதி, விலை, உரிமையாளரின் பெயரும் முகவரியும்கூட அதில் உண்டு. கையிலுள்ள பிரதியில் பக்கம் குறைகிறதா என்று சரிபார்க்கவும், வாரிசைத் தேடத் தொடங்கவும் அந்த ஒரு பதிவு போதும்.

படியெடுத்தவர்கள் காட்டிய பொறுமை பெரிது. மரக்கூழ்த் தாள் அமிலமேறி அப்பளமாக நொறுங்கும். ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். ஆகவே நூலை 90 முதல் 100 பாகைக்கு மேல் விரிக்காமல், V வடிவத் தாங்கியில் வைத்து, மேலிருந்து கேமராவில் எடுத்தார்கள். கறுப்பு வெள்ளையில் அல்ல, சாம்பல் நிறத்தில், அங்குலத்துக்கு 400 புள்ளி (டிபிஐ) அளவில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் தேய்ந்த புள்ளி மறையும், கறை புள்ளியாகிவிடும்.

தட்டச்சு செய்தவர்களுக்கும் மெய்ப்புப் பார்த்தவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது? படத்திலுள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் மென்பொருள் பாதி வேலையைத்தான் செய்யும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, னை வடிவங்களில் அது தடுமாறும். துணைக்காலையும் (ா) ரகரத்தையும் (ர) மாற்றிப் போடும். 'கௌ' என்பதை 'கெள' ஆக்கும். அத்தியாய எண்ணாக இருக்கும் ௧, ௭ இரண்டையும் ககரம், எகரம் என்று படிக்கும். இதெல்லாம் ஒருவர் மூலத்தை உரக்க வாசிக்க, இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துப் பார்த்தால் பிடிபடும்.

பிடிபடாதது வேறொன்று: திருத்தும் ஆசை. தமிழில் வினைமுற்றே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் கொலையாளியை மறைக்க விரும்பும் ஆசிரியர் 'ஓர் உருவம் நுழைந்தது' என்பார், அல்லது அத்தியாயம் முழுக்க 'அவர்' என்றே ஓட்டுவார். நடை சீராகட்டும் என்று அதை 'நுழைந்தான்' ஆக்கினால் பாதி மர்மம் அங்கேயே அம்பலம். மூன்றாம் அத்தியாயத்தில் இடக்கையில் கடிகாரம், பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வலக்கையில் என்று இருந்தால் அது அச்சுப்பிழையாகவும் இருக்கலாம், துப்பாகவும் இருக்கலாம். முழு நாவலையும் படித்து முடிக்கும்வரை எதையும் திருத்தாமல் பென்சிலில் குறித்து மட்டும் வைத்தீர்களே, அந்தக் கட்டுப்பாடுதான் இந்தப் பதிப்புகளின் உயிர். அணாக் கணக்கையும் தொடாமல் விட்டீர்கள். ஒரு ரூபாய் கொடுத்து ஏழு அணா மீதி வாங்கியவன் ஒன்பது அணா டிக்கெட்டில்தான் போயிருக்க முடியும். 16 அணா ஒரு ரூபாய் என்று அடிக்குறிப்பு போட்டால் போதும், பைசாவுக்கு மாற்றினால் துப்பு போய்விடும்.

உரிமை விஷயத்தில் வழிநடத்திய வழக்கறிஞர்களுக்கு நன்றி. ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு என்பது பொதுக் கணக்கு. 1942இல் மறைந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நூல்கள் 2003லிருந்தும், 1959இல் மறைந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் நூல்கள் 2020லிருந்தும் பொதுவுடைமை, அதாவது யாரும் பதிப்பிக்கலாம். புனைபெயருக்குள் இருப்பவர் யாரென்றே வெளிப்படவில்லை என்றால் கணக்கு நூல் வெளியான ஆண்டிலிருந்து ஓடும். அட்டை ஓவியத்தின் உரிமை தனி. அதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும்.

உரிமை இன்னும் நடப்பில் உள்ள நூல்களுக்கு அனுமதி தந்த குடும்பத்தினரின் மனது பெரியது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வாரிசுகள் அத்தனை பேரின் கையெழுத்தையும் நீங்களே வாங்கித் தந்தீர்கள். ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்தாண்டு என்றே கொள்ளும். எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். மின்னூல் வெளிநாட்டு வாசகருக்கும் போக வேண்டும் என்பதால் இரண்டையும் தெளிவாக எழுதக் கேட்டோம், தயங்காமல் எழுதினீர்கள்.

பக்கம் வடிவமைத்தவர்கள், குற்றவாளியின் பெயர் வலப்பக்கத்தில் முன்கூட்டியே கண்ணில் படாமல், தாளைப் புரட்டிய பிறகு இடப்பக்கத்தில் வரும்படி பார்த்துக்கொண்டார்கள். பின்னட்டைக் குறிப்பு எழுதியவர்கள் முதல் மூன்று அத்தியாயங்களைத் தாண்டவில்லை. இருவருக்கும் வாசகர் சார்பில் நன்றி.

கடைசி ஃபாரம் (ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதி) கிடைக்காமல் காத்திருக்கும் கதைகள் இன்னும் உண்டு. வீட்டில் பழைய பைண்டோ மாத நாவலோ இருந்தால் பிரிக்க வேண்டாம், செல்லோடேப் ஒட்ட வேண்டாம். முதல் பக்கம், கடைசிப் பக்கம், அச்சக விவரம் உள்ள பக்கம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள். எங்களிடம் உள்ள பிரதியில் எது குறைகிறது என்பதை அதை வைத்தே ஒப்பிட்டுச் சொல்லிவிடுவோம்.

நன்றியுடன்,
மறுபதிப்புக் குழுவினர்