வெள்ளித் துகளில் பதிந்த திசை

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். பிரிக்பீல்ட்ஸில் உள்ள உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மீண்டும் போய்வரத் தொடங்கிவிட்டீர்கள் என்று அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். லேசர் பட்டதும் கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளித் துகள் உருகித்தான் நீண்டுவிடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். உருகுவது மட்டுமே நடந்தால் துகள் நீளாது. சேம்பிலை மேல் நிற்கும் நீர்த்துளியைப்போல் உருண்டையாகத்தான் திரளும். நீண்டுவிட்ட துகள்களைச் சுமார் 600 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அவை பழையபடி உருண்டையாகிவிடுகின்றன. வெப்பத்துக்குத் திசை கிடையாது. ஒளியின் மின்புலத்துக்கு உண்டு.

சென்ற வாரம் என் மகள் தன் ஆய்வகத்திலிருந்து அத்தகைய கண்ணாடித் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். கண்ணாடியின் சோடியம் அயனிகள் இருந்த இடத்தில் வெள்ளி அயனிகளைப் புகுத்திச் சூடேற்றியதால் துகள்கள் விளைந்து, துண்டு முழுவதும் தேன்மஞ்சளாக இருந்தது. நடுவே, விரல்நகத்திலும் சிறிய ஒரு சதுரத்தில் மட்டும் லேசர் பட்டிருந்தது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும், நீங்கள் முன்பு தந்த போலராய்டு தகட்டை அதன்மேல் வைத்துத் திருப்பினேன். மஞ்சளாகத் தெரிந்த சதுரம் கால்வட்டம் திரும்பியதும் ஊதாவாக மாறியது, சுற்றியிருந்த மஞ்சளோ மாறவேயில்லை. நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறத்தாழ 400 நானோமீட்டர் அலைநீள ஒளி வெள்ளியின் எலக்ட்ரான்களோடு ஒத்ததிர்வதால், ஒளி எந்தத் திசையில் அதிர்கிறதோ துகளின் அந்தத் திசையிலுள்ள இரு முனைகளிலும் மின்புலம் பன்மடங்கு வலுக்கிறது. 150 ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கின் ஆயிரத்தில் ஒன்று) மட்டுமே நீடிக்கும் லேசர் துடிப்பு, வெள்ளி அணுக்கள் சூடாகும் முன்பே அம்முனைகளிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துக் கண்ணாடிக்குள் எறிந்துவிடுகிறது. அவை அருகிலேயே சிக்கிக்கொள்கின்றன. எலக்ட்ரான்களை இழந்து நேர்மின்னூட்டம் பெற்ற துகள் தன் அயனிகளையே வெளியே தள்ள, அவை முனைகளருகே சிக்கிய எலக்ட்ரான்களைச் சந்தித்து மீண்டும் வெள்ளி அணுக்களாகிப் படிகின்றன. துடிப்புகள் மீண்டும் மீண்டும் விழ, முனைகள் வளர்கின்றன. துகள் வார்த்து இழுக்கப்படவில்லை, இரு நுனிகளிலும் சேர்த்துக் கட்டப்படுகிறது என்பதுதான் என்னை மிகவும் கவர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகர ஆய்வாளர்கள் இவ்வுருமாற்றத்தை 1999இல் வெளியிட்டார்கள். மிக வலிய ஒற்றைத் துடிப்பானால், துகள் நீளாமல் தட்டையாகிவிடும். அதைப்பற்றி நேரில் பேசுவோம்.

அடுத்த மாதம் கோலாலம்பூர் வரும்போது இத்துண்டையும் கொண்டுவருகிறேன். கடையிலிருக்கும் போலராய்டு வில்லைகளில் நல்லதாக ஒன்றை எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் பள்ளித் தோழன்