சுப்புவுக்கு, பிளிமத்திலிருந்து

அன்புள்ள சுப்பு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாக உன் மருமகள் போனில் சொன்னாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாயாமே! கண் தெளிந்த பிறகு இந்தக் கடிதத்தை நீயே படி. அவளைப் படிக்கச் சொல்லாதே.

இங்கே மழை, முட்டிவலி, மகள் வீட்டு இட்லி. வேறு விசேஷமில்லை. பேரனுக்கு ஒரு வாரம் லீவு என்பதால் அவனோடு உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். ‘தி கிட் ஹூ வுட் பி கிங்’, 2019இல் வந்தது. ஏழாம் வகுப்பு நான்-டீடெய்லில் ஆர்தர் ராஜா கதை படித்தோமே, கல்லில் செருகிய வாளை ஒரு பையன் உருவுவானே, அந்தக் கதைதான். இதில் பையன் இந்தக் காலத்து அலெக்ஸ், பள்ளிக்கூடத்தில் அடி வாங்குகிறவன். வாள் இருப்பது இடிபட்டுக் கிடக்கும் ஒரு கட்டடத்தின் கான்கிரீட்டில். மந்திரவாதி மெர்லின் ஒல்லிப் பையனாக வந்து விரல்களைச் சொடுக்கிச் சொடுக்கி வித்தை காட்டுகிறான், தும்மினால் ஆந்தையாகிவிடுகிறான். நடுநடுவே கிழவனாக பேட்ரிக் ஸ்டூவர்ட். எனக்குப் பிடித்தது வேறு: தன்னை அடித்த இரண்டு பேரையே அலெக்ஸ் தன் வீரர்களாகச் சேர்த்துக்கொள்கிறான். நம் பள்ளியில் நடக்கிற காரியமா! சூனியக்காரி மோர்கனா, எரியும் எலும்புக்கூட்டுக் குதிரைவீரர்கள் எல்லாம் உண்டு. கடைசிச் சண்டையில் நான் தூங்கிவிட்டதாகப் பேரன் குற்றம் சாட்டுகிறான். படம் போட்ட பணத்தைக்கூட எடுக்கவில்லையாம். பாவம்.

படத்தில் வரும் டின்டாஜெல் இங்கிருந்து காரில் போய்வரும் தூரம்தான், கார்ன்வால் கடற்கரையில். பேரன் பிடிவாதம் பிடித்ததால் போனோம். 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி என்பவர், ஆர்தர் இங்கேதான் அம்மா வயிற்றில் உருவானான் என்று எழுதிவைத்தார். அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஹென்றியின் தம்பி ரிச்சர்ட் வந்து அதே பாறைமேல் கோட்டை கட்டினான். படைக்கு உதவாத இடம், கதைக்காகவே கட்டியிருக்கிறான். ஏழாம் ஹென்றியை நான் வகுப்பில் எத்தனை வருஷம் நடத்தியிருப்பேன்! சண்டையில் சிம்மாசனம் பிடித்தவன் 1486இல் பிறந்த மூத்த மகனுக்கு ஆர்தர் என்று பெயர் வைத்தான். வம்சம் போதாதவன் கதையில் போய் வம்சம் தேடுகிறான். இப்போது கோட்டைக்குப் போக 2019இல் திறந்த பாலம் இருக்கிறது. இரண்டு கரையிலிருந்தும் நீண்டுவரும் இரண்டு பாதிகள் நடுவில் தொடுவதில்லை. நாலு சென்டிமீட்டர் இடைவெளி. வேண்டுமென்றே அப்படி விட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் கீழே கடல். அங்கே நின்றபோதுதான் உன் ஞாபகம் வந்தது.

ஏனென்றால் அலெக்ஸும் அப்பாவைத் தேடித்தான் டின்டாஜெல் போகிறான். அப்பா கொடுத்த ஆர்தர் புத்தகம் ஒன்று அவனிடம் இருக்கிறது. அப்பா பெரிய வீரர், அவர் வழியாகத்தான் வாள் தனக்கு வந்தது என்று நம்பியிருக்கிறான். அங்கே போனால் சொந்தக்காரி ஒருத்தி உண்மையைச் சொல்லிவிடுகிறாள்: அப்பா குடிகாரர், விட்டுவிட்டுப் போனவர். பிள்ளை மனம் நோகக்கூடாதென்று அம்மா கட்டிய கதைதான் மற்றதெல்லாம். பேரன் சிப்ஸ் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

சுப்பு, உன் அப்பாவுக்குப் பினாங்கில் கப்பல் உத்தியோகம் என்று ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லிவந்தாய். அவர் அனுப்பியது என்று நீ காட்டிய மலாயா ஸ்டாம்பை, வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாலணா கொடுத்து நீ வாங்கியதை நான் பார்த்தேன். புளியமூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும்தான். அந்தக் கதை உன் அம்மா சொன்னதா, நீயே கட்டியதா என்று ஐம்பது வருஷமாகக் கேட்க நினைக்கிறேன். ஊருக்கு வந்தாலும் கேட்க மாட்டேன், பயப்படாதே. அந்த வயதில் அது உனக்கு வேண்டியிருந்தது. நீ அதைச் சொன்ன விதத்தில், நானே ஒரு வருஷம் பினாங்குக் கனவில் இருந்தேன்.

பங்குனி பிறந்ததும் கிளம்புகிறோம். பேரன் ஸ்டாம்ப் சேர்க்க ஆரம்பித்திருக்கிறான். உன் ஆல்பம் இன்னும் பரணில் இருக்கிறதா?

சொட்டு மருந்தை மறக்காதே.

உன்,
வைத்தி