செள்ளுக்கு அடிப்பது கோழி மேல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சாட்ஸ்வொர்த்தில் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவலும் நாலைந்து கோழியும் இல்லாத தெரு குறைவு. வெயில் ஏறியதும் கோழியின் ரத்தம் குடிக்கும் குட்டிப் பூச்சியான செள் வந்துவிடும். உடனே யாராவது சந்தையோரம் போய் லேபிளே இல்லாத பாட்டிலை வாங்கிவந்து கோழி மேலேயே தெளிக்கிறார்கள். முட்டையை மறுநாளே பிள்ளைகளுக்கு அவித்தும் கொடுக்கிறார்கள்!

2024 அக்டோபரில் சொவேட்டோவின் நாலேடியில் 6 குழந்தைகளைக் கொன்றது டெர்புஃபோஸ் என்ற பூச்சிக்கொல்லி. வயலுக்கென்று செய்த அந்த விஷத்தைத்தான் எலிக்கும் பூச்சிக்கும் என்று தெருவில் விற்கிறார்கள்.

சிவப்புச் செள் பகலில் கோழி மேல் தங்குவதில்லை. ராத்திரி டார்ச் அடித்து, கோழி அடையும் கட்டையின் அடியைப் பாருங்கள். வெள்ளைக் காகிதத்தை இடுக்கில் அழுத்தித் தேய்த்தால் ரத்தக் கோடு விழும். மருந்து போகவேண்டியது அந்த இடுக்குக்குத்தான். கோழிகளை வெளியே விட்டு, பழைய வைக்கோலை அப்புறப்படுத்தி, இடுக்கெல்லாம் கொதிநீர் ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஊற்ற வேண்டும், அதற்குள் செள்ளின் முட்டை பொரிந்து அடுத்த கூட்டம் கிளம்பிவிடும். கோழி புரள, சாம்பல் கலந்த உலர்ந்த மண் ஒரு தொட்டியில் இருக்கட்டும்.

அப்படியும் அடங்கவில்லையா? சரி, கோழிக்கென்றே லேபிள் போட்ட மருந்தை வாங்குங்கள். எத்தனை நாள் முட்டை சாப்பிடக்கூடாது என்று அதிலேயே இருக்கும். அது பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து என்றால் பூனையையும் மீன் தொட்டியையும் தள்ளி வையுங்கள், இரண்டுக்கும் அது விஷம்.

உங்கள் பத்திரிகையில் கால்நடை மருத்துவர் ஒருவரின் கேள்வி பதில் பகுதி வந்தால் எங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்