எல்லைத் தகராறைத் தீர்த்து வைப்பது காவல் நிலையத்தின் வேலையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் நாளிதழின் குமரி மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. கேரள எல்லையோரக் கிராமம் ஒன்றில் இரு குடும்பங்களுக்கு இடையே நெடுங்காலமாக இருந்துவந்த நிலத் தகராறைக் காவல் துறையினர் இரு தரப்பையும் அழைத்துப் பேசி, ஒரே மாலையில் சுமுகமாக முடித்து வைத்தார்கள் என்று பாராட்டி எழுதியிருந்தீர்கள். எந்த நீதிமன்ற உத்தரவின்படி முடித்தார்கள், இடத்தை அளந்தது யார், இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனது யார் என்று அதில் ஒரு வரி இல்லை. நெடுநாள் வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் மிகவும் வருந்தியது.

நிலம் யாருடையது என்று தீர்மானிக்கும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை என்பது தாங்கள் அறியாததல்ல. உரிமையைச் சொல்ல வேண்டியது குழித்துறையில் இருக்கும் சிவில் கோர்ட். கைவசம், அதாவது நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்பது தொடர்பாக அடிதடி மூளும் நிலை வந்தால், ஆய்வாளர் நிர்வாக நடுவருக்கு (சார் ஆட்சியர் போன்ற வருவாய்த் துறை அதிகாரிக்கு) அறிக்கை அனுப்ப வேண்டும். விசாரித்து உத்தரவு போட வேண்டியவர் அவர்தான். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 145-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164-வது பிரிவாக இருக்கிறது. அந்த நடுவரும்கூட நிலம் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாது; யார் கைவசம் இருந்தது என்று மட்டுமே சொல்லலாம். பாதைத் தகராறுக்கு 166-வது பிரிவு தனியாக உண்டு. சார் ஆட்சியருக்கே இல்லாத அதிகாரத்தை ஓர் உதவி ஆய்வாளர் எங்கிருந்து பெற்றார் என்று தங்கள் நிருபர் கேட்டிருக்க வேண்டாமா?

இது எப்படி நடக்கிறது என்பது எங்களைப் போல ஆவணம் எழுதிப் பிழைத்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். வேலித் தகராறு என்று மட்டும் மனு கொடுத்தால், சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போ என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே மனுவில் கெட்ட வார்த்தை சொன்னதும், கையால் அடித்ததும், கொலை மிரட்டல் விடுத்ததும் ஏறிவிடும். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(b), 323, 506(ii). இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(b), 115(2), 351(3). சொத்துத் தகராறு மனு ஒன்றில் இந்த மூன்றும் வரிசையாக வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று விளவங்கோடு வட்டத்தில் சின்னப் பையனுக்கும் தெரியும். மனு கொடுத்தவர் கையில் மனு பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இருக்கும். எதிர்த் தரப்புக்கு வருவது ஒரு போன் மட்டும். எழுத்து மூலமான சம்மன் வராது, மனு நகலும் கிடைக்காது. பெண்களையும், 60 வயது கடந்தவர்களையும், உடல் ஊனமுற்றவர்களையும் சாட்சியாக விசாரிப்பதென்றால் அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 179-வது பிரிவு சொல்கிறது. நடப்பில் மூத்த அம்மாக்களும் மாலை முழுவதும் நிலைய வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அங்கே எழுதி வாங்கும் காகிதத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு முழுத்தாள், நிலைய எழுத்தரான ரைட்டர் சொல்லச் சொல்ல எழுதியது. "நாங்கள் இரு தரப்பும் பேசிச் சமாதானம் ஆகிவிட்டோம், இனி மேற்படி இடத்தில் நான் பிரவேசிக்க மாட்டேன்" என்று இருக்கும். சர்வே எண் இருக்காது, நான்கெல்லை (நான்கு பக்கமும் யார் நிலம் என்ற விவரம்) இருக்காது, பல நேரம் தேதி இடமும் வெற்றாக விடப்பட்டிருக்கும். கையெழுத்துப் போட்டவருக்கு நகல் தருவதில்லை. 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் உரிமையை விட்டுக்கொடுக்கும் எழுத்தைப் பதிவு செய்தே தீர வேண்டும் என்று 1908-ம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. பதிவாகாவிட்டால் அதனால் உரிமை மாறாது என்கிறது 49-வது பிரிவு. நிர்ப்பந்தத்தில் வாங்கிய சம்மதத்தை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டத்திலும் வழி இருக்கிறது. ஆகவே சட்டப்படி அந்தக் காகிதத்தால் உரிமை போய்விடாது. ஆனால் கையெழுத்துப் போட்ட விவசாயிக்கு அது தெரியாது. நிலம் போய்விட்டது என்றே நம்பி ஒதுங்கிவிடுகிறார். எதிர்த் தரப்புக்கு வேண்டியதும் அதுதான்.

இதைவிட மோசமானது, மூலப் பத்திரத்தை வாங்கி வைத்துக்கொள்வது. கைப்பற்றியதற்கு மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பட்டியல்) இருக்காது, ரசீது இருக்காது. வீட்டைப் பூட்டிச் சாவியை வாங்கி வைப்பதும் நடக்கிறது. விசாரணையின்போது அசையாச் சொத்தைக் கைப்பற்றப் போலீசுக்கு அதிகாரம் இல்லை என்று 2019-ல் நெவாடா பிராபர்டீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நிலையத்துக்கு அழைத்தால் சார் பதிவாளர் அலுவலகத்தில் வாங்கிய சான்றிட்ட நகலைத்தான் கொண்டுபோக வேண்டும். மூலம் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது.

பிறகு மதில் எழும்பும். பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவுதான். சனி, ஞாயிறு கோர்ட் இல்லை, திங்கள்கிழமை வக்கீல் தடையாணைக்கு மனு எழுதி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும். ஜே.சி.பி. வந்து வேலியையும் நாலைந்து ரப்பர் மரத்தையும் பிடுங்கிப் போடும். அஸ்திவாரக் குழியை ஒழுங்காகத் தோண்டாமல் ஹாலோ பிளாக்கை அடுக்கி, நனைக்காத சிமென்ட் பூச்சோடு ஆள் உயரத்துக்கு ஏற்றிவிடுவார்கள். ஓரமாக நிலைய ஜீப் நிற்கும். கேட்டால் பந்தோபஸ்து என்பார்கள். கோர்ட் தடையாணையை அமல்படுத்தக் காவல் உதவி வேண்டுமென்றால் அதையும் அந்தக் கோர்ட்தான் உத்தரவிட வேண்டும். உத்தரவே இல்லாத இடத்தில் யாருக்குப் பாதுகாப்பு? பால் வெட்டிய ரப்பர் மரமும், அதில் கட்டியிருந்த சிரட்டையும்தான் கைவசத்துக்கு அந்த விவசாயியிடம் இருந்த நேரடிச் சாட்சி. முதலில் அழிப்பது அதைத்தான்.

எல்லையோரத்தில் இந்த அநியாயம் இன்னும் எளிது. 1956 நவம்பர் 1-க்கு முன் நாம் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவர்கள். அந்தக் காலத்துப் பிரமாணங்கள் (பத்திரங்கள்) பல மலையாளத்தில் இருக்கின்றன. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். பத்திரத்தில் பழைய சர்வே எண்ணும் சென்ட் கணக்கும் இருக்கும், பட்டாவில் ரீசர்வே எண்ணும் ஏர் கணக்கும் இருக்கும். 10 சென்ட் அங்கே 4.05 ஏர். நிலையத்தில் இதையெல்லாம் யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. தனியார் சர்வேயர் ஒருவரை வரவழைத்து, இன்றைய ரோட்டு ஓரத்திலிருந்து டேப் பிடிக்கிறார்கள். ரோடு அகலமானபோது முன்பக்கத்துக்காரர் நிலத்தில் ஒரு பகுதி போயிருக்கும், அவர் பத்திரத்திலோ பழைய சென்ட் அப்படியே நிற்கும். அந்தக் குறைவு முழுவதும் பின்பக்கத்துக்காரர் தலையில் விழுகிறது. முறைப்படி வட்ட அலுவலகத்தில் கட்டணம் கட்டி, பக்கத்து நில உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் கொடுத்து, புலப்படத்தை (அந்தச் சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை) வைத்து அரசு நில அளவர்தான் அளக்க வேண்டும். அளவும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்கே முன்னுரிமை என்பதைக் கோர்ட் பார்க்கும். டேப் பிடிப்பவர் பார்க்க மாட்டார். நான்கு வழிச்சாலை வந்து நிலத்தின் விலை ஏறிய பிறகு ஒன்றிரண்டு சென்டுக்காக இவ்வளவும் நடக்கிறது.

சிவில் வழக்கு தலைமுறை கடந்து இழுக்கிறது, அதனால்தான் ஜனங்கள் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள் என்று தாங்கள் சொல்லலாம். உண்மைதான், கோர்ட் தாமதம் பெரிய கொடுமை. ஆனால் வழக்கு தாமதமாவதால் பாதிக்கப்படுகிறவரும், ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறவரும் பெரும்பாலும் அதே ஏழைதான்.

புகார் சொல்லவும் இடமில்லை. 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில், காவல் துறை மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லையில் உள்ள களியக்காவிளையைத் தாண்டினால் கேரளத்தில் 2011-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைவர். இங்கே 2013-ம் ஆண்டுச் சட்டம் மாவட்டத்தில் ஆட்சியரையும் மாநிலத்தில் உள்துறைச் செயலரையும் தலைவராக வைத்தது. நிலையக் கேமராப் பதிவுகளை 18 மாதம், வசதி இல்லாவிட்டாலும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவானது. பதிவைக் கேட்டால் கேமரா பழுது என்கிறார்கள். இவற்றைப் பற்றித் தங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தியாவது வராதா என்று காத்திருந்த வாசகர்களுக்குத்தான் போன வாரப் பாராட்டுச் செய்தி வந்து சேர்ந்தது.

தங்களிடம் கேட்பது சிறிய காரியம். இனி இப்படிச் செய்தி வரும்போது, எந்தப் பிரிவின் கீழ், யாருடைய உத்தரவின்படி என்று நிருபர் ஒரு கேள்வி கேட்டு, கிடைத்த பதிலை அச்சிடட்டும். கூடவே அதே பக்கத்தில் இரண்டு கெடுவைக் கட்டம் கட்டிப் போடுங்கள். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் நிர்வாக நடுவரிடம் மனு செய்தால், அவரே கைவசத்தில் இருந்ததாகக் கொண்டு 164-வது பிரிவில் உத்தரவு போடலாம். அந்தக் கெடு தவறினாலும், குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் (Specific Relief Act) 6-வது பிரிவில் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு, உரிமையை நிரூபிக்காமலேயே கைவசத்தைத் திரும்பப் பெறலாம். போன வாரச் செய்தியில் வந்த குடும்பத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

இப்படிக்கு,
முன்னாள் ஆவண எழுத்தர் ஒருவர்,
விளவங்கோடு வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.